கேஸ் இல்லாத தோட்டத்தில் பெண் கேட்டது

போன வாரம் சின்னவள் ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். உலகத்து நாடுகளை வரிசையாகப் போட்டு, எந்த நாட்டில் திருட்டு அதிகம், எந்த நாட்டில் அடிதடி அதிகம் என்று ஓர் அட்டவணை. வரிசையின் மேலே, பனி பெய்கிற ஒரு நாடு. அங்கே வீட்டுக் கதவைப் பூட்டாமல் தூங்குவார்கள் என்றுதான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். வரிசையின் கீழே, பல வருஷமாக உள்நாட்டுச் சண்டை நடக்கிற ஒரு நாடு.

"அப்ப இந்தக் கீழ இருக்கிற நாடுதான் நல்ல நாடுலா அப்பா. நான் அங்கேயே போய்ப் படிக்கிறேன்" என்றாள்.

"போயிட்டு உயிரோட திரும்பி வா, பாப்போம்" என்றான் பெரியவன்.

நான் சிரித்தேன். அடுப்படியில் இருந்த உங்கள் அம்மா என்னைவிடச் சத்தமாகச் சிரித்தாள். ஏன் என்று கேட்டீர்கள். அதற்குள் வேலைக்கு வண்டி வந்துவிட்டது, சொல்ல நேரமில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரை படித்தவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரி ஓர் அட்டவணையால்தான் உங்கள் அம்மாவை எனக்குக் கொடுக்க மாட்டேன் என்று உங்கள் தாத்தா சொன்னார்.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டிருந்தபோது, நம் நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் அங்கங்கே கிடந்த லயங்களை, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளை, ஒன்றாகக் கூட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். போக வர ஒரே கேட். இருட்டினால் ஊரடங்கு. காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்று, கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசிகூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். எங்கள் பக்கம் சட்டம் இறுகியபோது அது கோப்பிப் போத்தல் வரைக்கும் வந்தது. ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்கள் பால் சேர்க்காத வரக்கோப்பி கொண்டுபோகலாம். அதில் சீனி இருக்கக் கூடாது. சீனி போட்டுவிட்டால் அது உணவு, உணவைக் கடத்துவது குற்றம்.

நான் அப்போது போர்டிக்சன் ரோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். துப்பாக்கி கொடுத்தார்கள். ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், மலாய் எழுத வரும் என்று தெரிந்ததும், கேட் பக்கத்துக் கொட்டகையில் ஒரு மேசையும் கொடுத்தார்கள். பாதி நாள் துப்பாக்கி சுவரில் சாய்ந்திருக்கும், நான் மேசையில் குனிந்திருப்பேன்.

எங்கள் வட்டாரத்துக்குப் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் கோலப்பிலா பக்கத்து மலாய்க்காரர். அதட்டிப் பேசாத மனிதர். முதல் நாளே என்னிடம் சொன்னார்:

"தம்பி, யார் வந்து என்ன சொன்னாலும் எழுது. கோழி காணவில்லை என்றாலும் எழுது. நீ எழுதாவிட்டால் எனக்கு அது நடக்கவே இல்லை."

அப்படியே எழுதினேன். கோழி, தேங்காய், காயப்போட்ட சேலை எல்லாம் எழுதினேன். கள்ளுக்கடையில் ஐந்து பேர் கட்டிப் புரண்டால் ஐந்து கேஸ். கோப்பிப் போத்தலில் சீனி இருந்தால் போத்தலுக்கு ஒரு கேஸ். வாரத்துக்கு ஒரு தடவை ஜீப் வந்து கணக்கைச் சிரம்பானுக்கு வாங்கிப் போகும்.

ஒரு நாள் காலையில் கேட்டில் சோதனை போடும் பெண் ஒரு போத்தலை ருசி பார்த்துவிட்டு என்னிடம் தூக்கிக் காட்டினாள். போத்தலுக்குச் சொந்தக்காரி மேட்டு லயத்து அக்காள் ஒருத்தி.

"என்னக்கா, சீனி போட்டிருக்கீங்களே" என்றேன்.

"போட்டேன். நேத்து எம் புருஷன் குடிச்சிட்டு வந்து அடிச்ச அடியில ஒடம்பே கசந்து கெடக்குது. கோப்பியும் கசப்பா குடிக்கணுமா?"

"எழுதணும்க்கா."

"எழுது. எழுதுறதுதான் எழுதுற, அடிச்சவன் பேரையும் சேத்து எழுது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காள் சிரிக்கவில்லை. நான் இரண்டையும் எழுதினேன். அடுத்த நாள் இன்ஸ்பெக்டர் வந்து அந்த ஆளைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பேசினார். என்ன பேசினாரோ, ஆள் கொஞ்ச காலம் கள்ளுக்கடைப் பக்கமே போகவில்லை. அதைப் பார்த்து வேறு பெண்களும் வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். என் பேனாவுக்கு வேலை கூடியது. எனக்கு அதில் சந்தோஷம்தான். தோட்டத்தில் என்னைப் பார்த்தால் ஒதுங்கிப் போகாமல், தேடி வந்து பேசுகிறார்களே என்று இருந்தது.

இனி கல்யாண விஷயம். என் அம்மா நான் சின்னவனாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் ரோடு போடப் போனவர், திரும்பவில்லை. அங்கே செத்தவர்களை யாரும் எந்த அட்டவணையிலும் போட்டு நான் பார்த்ததில்லை. என்னை வளர்த்தவர் அப்பாவின் தங்கை, என் அத்தை. பால்வெட்டுக்காரி. வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும், பேச்சில் எப்போதும் காரம் இருக்கும்.

லோபாக்கில் ஒரு கல்யாண வீட்டுக்கு அத்தையோடு போயிருந்தேன். அங்கே ஒரு பெண் இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு மோட்டாரை நிறுத்தியிருந்த ஓர் ஆளிடம், "வண்டிய எடுக்கிறீங்களா, இல்ல கழுவி விடவா?" என்று கேட்டாள். ஆள் உடனே எடுத்துவிட்டார். அது உங்கள் அம்மா. அன்றைக்குப் பஸ்ஸிலேயே அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

விசாரித்ததில், பெண்ணின் அப்பா கோலா சாவா பக்கத்தில் ஒரு சின்னத் தோட்டத்தில் மண்டோர், அதாவது வெட்டுக்காரர்களை வைத்து வேலை வாங்குகிறவர். அவர்தான் உங்கள் தாத்தா. அத்தை போய்ப் பேசினார். பையன் சர்க்கார் சட்டை போட்டவன் என்று அவருக்கும் பிடித்துவிட்டது. தட்டு மாற்ற நாள் பார்க்கலாம் என்றார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சிரம்பானில் ஒரு கூட்டம் நடந்தது. ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் மண்டோர், கணக்கெழுதும் கிராணி என்று சிலரைக் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய போலீஸ் அதிகாரி ஒரு வெள்ளைக்காரர், நம் நாட்டுக்கு வருமுன் வேறொரு நாட்டில் போலீசில் இருந்தவர். அங்கே கிராமம் கிராமமாக எப்படிக் கணக்கெடுத்தோம், அதோடு பார்த்தால் மலாயா எப்படி என்றெல்லாம் பேசிவிட்டு, ஒரு பலகையைத் திருப்பிக் காட்டினாராம். தோட்டங்களை வரிசையாக எழுதிய பலகை. கேஸ் அதிகம் என்று முதல் வரியில் எங்கள் தோட்டம். கடைசி வரியில் உங்கள் தாத்தாவின் தோட்டம், ஒரு கேஸும் இல்லை. அதிகாரி அவரை முன்னால் கூப்பிட்டுக் கை குலுக்கினாராம்.

குலுக்கிய கையோடு தாத்தா பஸ் ஏறி எங்கள் தோட்டத்துக்கே வந்துவிட்டார். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு அத்தையைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உள்ள வாங்கண்ணே, ஏன் வெயில்ல நிக்கிறீங்க?" என்றார் அத்தை.

"உள்ள வந்தா சட்டப்பைய கையில புடிச்சிக்கிட்டுத்தான் உக்காரணும். இங்கேயே இருக்கட்டும்மா."

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. தாத்தா பலகையைப் பற்றிச் சொன்னார்.

"எங்க தோட்டத்துல ஒரு கேசு கெடையாது. தொரையே எந்திரிச்சிக் கையக் குடுத்தாரு. உங்க தோட்டம் பலகையில மொத எடத்துல நிக்குது. இப்படிப்பட்ட எடத்துல பொண்ணக் குடுத்தா நாளைக்கி யாரு என்ன மதிப்பா?"

"எம் மருமவன் திருடுனானா?"

"திருடுனாருன்னு நான் சொல்லல. இங்க திருடு இருக்குதுன்னு எழுதுனதே உங்க மருமவன்தானே? அவரே எழுதிட்டாரு, அதுக்கு மேல நான் என்னா பேச?"

நான் மேசையில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது உண்மைதானே.

என்னோடு வேலை செய்த ஒருவன் ஒரு வழி சொன்னான். "பேசாம எழுதாம விடுலா. அடுத்த பலகையில நம்ம தோட்டமும் கீழ போயிடும். மாமனாரும் வாயத் தெறக்க மாட்டாரு." கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். பிறகு இன்ஸ்பெக்டர் வந்தபோது அவரிடமே கேட்டுவிட்டேன்.

"துவான், எங்கள் தோட்டம் அவ்வளவு மோசமா?"

அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் கல்யாணக் கதையைச் சொல்லி முடிக்கும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"உன் தோட்டத்தில் ஆள் அதிகமா, அந்தத் தோட்டத்தில் அதிகமா?"

"எங்களுடையது இரண்டு டிவிஷன் துவான். அது சின்னது."

"அப்படியென்றால் ஆள் கணக்கால் வகுக்காமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தலாமா? அது ஒன்று. கள்ளுக்கடையில் ஐந்து பேர் அடித்துக்கொண்டால் நீ ஐந்து எழுதுகிறாய். இன்னோர் இடத்தில் ஒரு சண்டை, ஒரு கேஸ் என்று எழுதுவான். அது இன்னொன்று. நாட்டுக்கு நாடு பார்த்தாலும் இதே கதைதான் தம்பி. ஒரு நாட்டில் புகார் வந்த உடனே எண்ணுவார்கள். இன்னொரு நாட்டில் கோர்ட்டு தண்டித்த பிறகுதான் எண்ணுவார்கள். ஒரு நாட்டில் ஆளைக் கொல்லப் பார்த்தாலே கொலைக் கணக்கில் சேரும். இன்னொரு நாட்டில் ஆள் செத்தால்தான் சேரும். ஜனங்கள் போலீசைப் பார்த்துப் பயப்படுகிற நாட்டில் யாருமே வந்து சொல்ல மாட்டார்கள். காகிதம் சுத்தமாக இருக்கும்."

"இது பெரிய துவானுக்குத் தெரியாதா?"

"நன்றாகத் தெரியும். அந்தக் கணக்குக்கு அடியில் அவரே சின்ன எழுத்தில் எழுதியிருந்தார், ஒன்றோடு ஒன்று ஒப்பிடும்போது கவனம் வேண்டும் என்று. கூட்டத்தில் சின்ன எழுத்தை யார் வாசிக்கிறார்கள்?"

கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டேன், "கொஞ்ச நாளைக்கு எழுதுவதைக் குறைத்துக்கொள்ளட்டுமா துவான்?"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "கோப்பிப் போத்தல் அம்மாள் அடுத்த தடவை அடி வாங்கினால் யாரிடம் போவாள்?" என்று மட்டும் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவரே, "பெண் கொடு என்று அந்த மண்டோருக்கு நான் உத்தரவு போட முடியாது. ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டுமானால் தருகிறேன். நீயே போய்ப் பேசிப் பார்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தையும் நானும் பஸ் ஏறினோம். "உங்க மாமா வந்தா எல்லாத்துக்கும் தலைய ஆட்டிட்டு வந்துடுவாரு, அவரு வேணாம்" என்று அத்தை மாமாவை வீட்டிலேயே விட்டுவிட்டார். பஸ்ஸில் நான் மனதுக்குள் வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். இன்ஸ்பெக்டர் சொன்னதை அப்படியே சொன்னால் எந்த மனிதனும் ஒத்துக்கொள்வான் என்று நம்பினேன்.

கோலா சாவாவில் இறங்கி மண்ரோட்டில் நடந்து தோட்டத்துக் கேட்டுக்கு வந்தோம். காவல்காரர் பையைத் திறக்கச் சொன்னார். பை திறப்பதற்குள் அத்தை "அய்யய்யோ" என்று குதித்தார். கேட்டின் இடது பக்கம் தரை கறுப்பாகத் தெரிந்தது. எல்லாம் எறும்பு. அத்தையின் சேலைக் கரைவரை ஏறிவிட்டது. உதறி முடித்து உள்ளே போனோம்.

தாத்தா வீடு லயத்தின் கடைசி வீடு. மரியாதையாக நாற்காலி போட்டார். பாட்டி கதவோரம் நின்றார். உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. உங்கள் அம்மா அங்கேதான் இருக்கிறாள் என்று தெரிந்தது. அவளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே ஆரம்பித்தேன்.

"மாமா, அந்தப் பலகையில ஆள் கணக்கப் பாக்கல. எங்க தோட்டம் பெருசு. கேச ஆள் கணக்கால வகுத்துப் பாத்தீங்கன்னா..."

"சரி, வகுப்போம். எங்க தோட்டத்துல சைபர் கேசு. சைபர எதால வேணும்னாலும் வகுங்க தம்பி, என்னா வரும்?"

சைபர்தான் வரும்.

அத்தை காலைச் சொறிந்துகொண்டே இருந்தார். "அதெல்லாம் சரிண்ணே. கேசு இல்லாத தோட்டம்தான், யாரு இல்லன்னா? கேட்டுல மட்டும் ஏன் இவ்ளோ எறும்பு?"

"எறும்பு வந்தா நான் என்னாம்மா பண்றது?"

"எங்க கேட்டுல ஒண்ணு கெடையாதே. எறும்பு சும்மா வருமா?"

கதவோரம் நின்ற பாட்டி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டார். "கோப்பிதாங்க. கேட்டுக்காரரு போத்தலத் தெறந்து ருசி பாப்பாரு. சீனி இருந்தா அங்கேயே கீழ ஊத்திட்டு, போ போன்னு வெரட்டி விட்டுடுவாரு. தெனம் ஊத்துனா எறும்பு வராம என்னா செய்யும்?"

"நீ சும்மா இரு" என்றார் தாத்தா.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "முந்தாநாளு என் கோப்பியையும் ஊத்திட்டாருப்பா. முழுப் போத்தலு."

அத்தை என் பக்கம் திரும்பினார். "ஏண்டா, நம்ம கேட்டா இருந்தா அது என்னா?"

"கேசுதான் அத்தை."

"பாத்தீங்களாண்ணே. கேசு உள்ள எடத்துல பொண்ணு குடுக்க மாட்டேன்னீங்க. இப்ப கேசு உள்ள பொண்ண எடுக்கலாமா வேணாமான்னு நாங்கதான் யோசிக்கணும்."

தாத்தா சிரிக்கவில்லை. என் சட்டையைப் பார்த்தார். அன்றைக்கு நான் போட்டிருந்தது சாதாரணச் சட்டைதான், இருந்தாலும் குரலை இறக்கிக் கேட்டார், "தம்பி, இதப் போயி எங்கயும் எழுதிடுவீங்களா?"

"இது என் கேட் இல்ல மாமா."

அவருக்கு மூச்சு வந்தது. பாட்டிக்கோ தைரியம் வந்துவிட்டது. "எங்க கோயில் சொவரப் பாத்தீங்களா? பளபளன்னு இருக்கும். கோழி திருடுனவன், அடிச்சிக்கிட்டவன் எல்லாரையும் இவரு பஞ்சாயத்துல நிறுத்தி, கோயிலுக்குச் சுண்ணாம்பு அடின்னுடுவாரு. ஒரு பூச்சு காயறதுக்குள்ள அடுத்தவன் வாளியத் தூக்கிட்டு வந்துடுவான்."

"அது நமக்குள்ள தீத்துக்கிறது. அது கேசா?" தாத்தாவுக்குக் கோபம் வந்தது. "எழுதி மேல அனுப்புனா என்னாவும்? அவனுக்கு வேல போகும், லயத்த விட்டு எறக்குவாங்க, பொண்டாட்டி புள்ள ரோட்டுல நிக்கும். சுண்ணாம்பு அடிச்சா அவனுக்கும் புத்தி வரும், கோயிலுக்கும் நல்லது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கோழிக்கு அதுவே நல்ல தீர்ப்பு என்று நானும் சொன்னேன். என் கணக்கெல்லாம் மறந்துபோய், எங்கள் மேட்டு லயத்து அக்காள் கதையைச் சொன்னேன். போத்தலோடு வந்து நின்றது, புருஷன் பேரையும் எழுதச் சொன்னது, பிறகு மற்றப் பெண்களும் வந்தது. "அதனாலதான் மாமா எங்க கணக்கு ஏறிப்போச்சு" என்றேன்.

பாட்டி தாத்தாவிடம் கேட்டார், இந்தத் தடவை சிரிக்காமல்: "நம்ம பஞ்சாயத்துக்கு எந்தப் பொம்பளையாவது வந்து இப்படிச் சொன்னாளா?"

"வந்தா கேக்க மாட்டேனா?"

"வர மாட்டாளுங்க. உக்காந்திருக்கிறது அத்தனையும் அவ புருஷனோட சேக்காளிங்க." பாட்டி உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "எழுதுற எடத்துலேயே எம் மவ இருக்கட்டும். நாளைக்கி மாப்பிள்ள கைய ஓங்குனாலும் சொல்லிக்க ஒரு மேச இருக்கும்."

"அந்த மேசையில உக்காந்திருக்கிறதே இவருதானே?" என்றார் தாத்தா.

"நான் இன்ஸ்பெக்டர்கிட்டயே போவேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அத்தை வெற்றிலை புரையேறும் அளவுக்குச் சிரித்தார். தாத்தா எழுந்துபோய்ச் சுவர்க் காலண்டரைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "முகூர்த்தம் விடியக்காலையில வைக்க முடியாது. ஊரடங்கு முடிஞ்சி கேட்டுத் தெறந்தாத்தான் உங்க ஆளுங்க வர முடியும்" என்றார். அதுதான் அவர் சம்மதம். அதற்கு மேல் அத்தைக்கும் அவருக்கும் நேரத்தைப் பற்றித்தான் சண்டை. கடைசி பஸ்ஸுக்கு முன்னால் ஒரு வழியாக முடிந்தது.

கல்யாணம் அவர்கள் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. சமையலுக்கு வேண்டிய அரிசிக்கு இன்ஸ்பெக்டர்தான் அனுமதி வாங்கிக் கொடுத்தார். அவரையும் கூப்பிட்டிருந்தேன், சீருடை இல்லாமல் வந்தார். தாத்தா அவரைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து, இலையில் என்னென்ன எப்படிச் சாப்பிடுவது என்று மலாயில் சொல்லிக்கொண்டே பரிமாறச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார், "உங்கள் தோட்டத்தில் கேஸே இல்லையாமே?"

தாத்தா பந்தியில் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"இனிமே கொஞ்சம் வரும் துவான்" என்றார். "வந்தா எழுதிக்குங்க."